கட்லாவுமில்லை, ரோகுவுமில்லை

மீன்குஞ்சுப் பண்ணைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், தாய்மீனை முட்டைவிடத் தூண்டும் ஊசியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எவ்வளவு மருந்து, எந்த இடத்தில் குத்துவது, மீன் துள்ளினால் எப்படிப் பிடிப்பது என்று. அதெல்லாம் ஒரு பருவம் கூட நின்றால் கை தானாகவே கற்றுக்கொள்ளும். ஊசி போட்ட பிறகு எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்க்கிறோம் என்பதுதான் நம் வேலை. அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு குளக்கரையில் நடந்த தாசில்தார் விசாரணை.

கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது நிலம்தான் பேச்சு. உச்சவரம்பு, குத்தகைப் பாதுகாப்பு, கூலி உயர்வு என்று ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு தகராறு வரும். உள்ளூர் ஆட்கள் கூலி கேட்டு வயலில் இறங்க மறுப்பார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டு வருவார். வரப்பில் போலீஸ் வேன் நிற்கும். மீன்பண்ணை வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துத்தான் நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். விலங்கியல் படித்தவள், ஆற்றங்கரையில் வேலை, அமைதியாக இருக்கும் என்று எண்ணம்.

அந்த எண்ணம் ஒரு பங்குனி மாதக் காலையில் போயிற்று. பண்ணை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. பெயர் பாக்கியம் என்றாள். வலங்கைமானுக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரைத் திருட்டு கேசுல ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கம்மா. நீங்க குடுத்த மீனைத்தான் திருடுனோம்னு சொல்றாங்க."

கதை இதுதான். அந்த ஊரில் கோடையிலும் வற்றாத ஆழமான பொதுக்குளம் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாக மிராசுதார் குடும்பம்தான் அதைக் குத்தகைக்கு எடுத்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு, காலனியிலிருந்த விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து அந்தக் குத்தகையைப் பெற்றார்கள். நிலம் கிடைக்கவில்லை, தண்ணீராவது கிடைத்ததே என்று அவர்களுக்கு அது பெரிய விஷயம். குஞ்சு விட எங்கள் பண்ணைதான் கொடுத்தது. நான் வேலையில் சேர்வதற்கு முன்பு நடந்தது அது. இப்போது மீன் நன்றாக வளர்ந்து, முதல் முறையாக வலை போட்டிருக்கிறார்கள். வலையில் வந்தவை கட்லாவாகவும் இல்லை, ரோகுவாகவும் இல்லை. மிராசுதாரின் காரியஸ்தர் உடனே போலீசுக்குப் போய்விட்டார். தங்கள் முதலாளி கல்கத்தாவிலிருந்து ரயிலில் தருவித்த உயர்ந்த ரக மீன் இது, பக்கத்திலுள்ள அவருடைய குளத்திலிருந்து திருடி விட்டிருக்கிறார்கள் என்று புகார். சங்கத்தை நடத்திவந்த பாக்கியத்தின் கணவர் சிங்காரவேலுவைப் பிடித்துப் போய்விட்டார்கள்.

சிங்காரவேலு குடியானத் தெருவில் பிறந்தவர். பாக்கியம் காலனிப் பெண். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு காலனியிலேயே குடியேறிவிட்டவர். அந்தக் கோபமும் இந்தப் புகாரில் இருந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாக்கியம் ஒரு வாழைப்பட்டைப் பொதியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மீன். கட்லாவுக்குப் பெரிய தலையும் மேல்நோக்கித் திறக்கும் வாயும் இருக்கும். ரோகுவுக்குச் சின்னத் தலை, கீழ்நோக்கிய வாய், உதட்டில் சுருக்கம். இந்த மீனின் தலை கட்லாவைவிடச் சிறியது, ரோகுவைவிடப் பெரியது. வாய் நேராக முன்னால் திறந்தது. உடம்பு அகலம். இரண்டும் சேர்ந்து பிறந்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எங்கே பிறந்தது என்பதுதான் தெரியவில்லை.

"நாளன்னிக்குத் தாசில்தார் விசாரிக்க வராரு. சர்க்கார் மீனா, இல்லையான்னு நீங்க வந்து சொன்னா போதும்" என்றாள்.

எங்கள் உதவி இயக்குநரிடம் போனேன். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. எனக்கு இந்தத் தொழிலில் மீனை எப்படிப் பிடிப்பது என்பது முதல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவர். அவர் மீனைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, போயிட்டு வா. ஆனா, பார்த்த மாத்திரத்துல உறுதியாச் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டு வந்துடு. அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். அறிவியல் படித்தவர்களுக்கு அந்த வாக்கியம் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். உண்மையிலேயே தெரியாதபோது அது நேர்மையான சொல். தெரிந்துகொள்ள வழியிருந்தும் தேடாமல் இருப்பதற்கு அதைச் சொன்னால், அது பயத்துக்குப் போட்ட போர்வை. அந்த வித்தியாசத்தை அன்று நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. பயம் எனக்கும் இருந்தது. ஆனால் நேரே பின்பக்கத்துக் குளத்துக்குப் போய், சங்கத்துக்குக் கொடுத்த வருஷத்துக் குஞ்சுகளில் மிச்சமானவற்றை விட்டு வளர்த்த குளத்தில் வலை போடச் சொன்னேன்.

வலை கரைக்கு வந்ததும் வேறு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாக்கியம் கொண்டுவந்த மீனுக்கு அண்ணன் தம்பிகளாக ஒரு கூட்டமே துள்ளியது.

திரும்பிப் பார்த்தால் உதவி இயக்குநர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"நான்தாம்மா சேர்த்தேன்" என்றார். "அந்த வருஷம் மழை சரியில்ல. பெண் கட்லா பழுத்திருந்துச்சு, ஆண் ஒண்ணுகூடப் பழுக்கல. ரோகு ஆண் பழுத்திருந்துச்சு. அந்தக் காலனி ஆளுங்க அண்டாவோட வாசல்ல வந்து நிக்கறாங்க. அந்த வாரத்துக்குள்ள குஞ்சு விடலேன்னா குத்தகை மறு ஏலத்துக்குப் போயிடும். வெறுங்கையோட எப்படிம்மா அனுப்பறது? பேசின்ல முட்டையைப் பிதுக்கி, ரோகுவோட விந்தை விட்டு, கோழி இறகால கலக்கினேன். பொரிச்சுது. குடுத்துட்டேன்."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் கருணையில் செய்த காரியம்தான் அந்த மனிதரைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது கட்லாவும் ரோகுவும் ஒரே தண்ணீரில்தான் முட்டை விடுகின்றன. இருந்தும் பெரும்பாலும் கலப்பதில்லை. தண்ணீரில் நிற்கும் இடம், பழுக்கும் நேரம், துணையை அறியும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி, கலப்பிலிருந்தே வந்தது. இரண்டு இனம் ஓரிடத்தில் வாழ்ந்து, தவறிச் சேர்ந்து, பிறந்த குஞ்சுகள் நோஞ்சானாகவோ மலடாகவோ போனால், தவறிச் சேர்ந்த மீனுக்கு வம்சம் இல்லை. துணையைச் சரியாகத் தேர்ந்த மீனுக்குத்தான் வம்சம். தலைமுறை தலைமுறையாக அந்தத் தேர்வு கூர்மையாகிக்கொண்டே போகும். மாறாக, கலந்து பிறந்தவை திடமாகவும் முட்டை வைக்கக்கூடியதாகவும் இருந்தால் எல்லைக்கோடு மெல்ல அழியும். சாதாக் கெண்டையை நம் கெண்டைகளோடு சேர்த்தால் பிறப்பது பெரும்பாலும் மலடு. ஜிலேபிக் கெண்டையில் குறிப்பிட்ட இரண்டு இனங்களைச் சேர்த்தால் பிறப்பதெல்லாம் ஆண், ஏனென்றால் ஆணா பெண்ணா என்று முடிவாகும் விதமே அந்த இரண்டு இனங்களிலும் வேறு வேறு. மெக்சிகோ பக்கத்து ஆறுகளில் ஒரு சிறு மீன் உண்டு. எப்போதோ நடந்த ஒரு கலப்பில் பிறந்தது. அதில் எல்லாமே பெண். வேறு இனத்து ஆணின் விந்து முட்டையைத் தட்டி எழுப்ப மட்டும் அதற்கு வேண்டும். பிறக்கும் மகளில் தகப்பனின் சாயல் துளியும் இருக்காது. இனம் பெருகும் முறையையே ஒரு கலப்பு மாற்றி எழுதிவிடும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

ஆற்றில் மீன் செய்யும் தேர்வை, நம் ஊசியும் பேசினும் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிடுகின்றன. அங்கே தேர்ந்தெடுப்பது நம் கை. நினைவிருக்கட்டும்.

விசாரணையன்று ஜீப் புறப்படும்போது உதவி இயக்குநர் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். பின்னால் டிரம்மில் பண்ணை மீன்கள் உயிரோடு.

"நீங்க வர வேணாம் சார்" என்றேன்.

"நான் கலக்கினதுக்கு நீ ஏம்மா போய் நிக்கணும்?" என்றார்.

குளக்கரையில் ஊரே கூடியிருந்தது. ஒரு பக்கம் காலனி, இன்னொரு பக்கம் மிராசுதாரின் ஆட்கள். நடுவில் நாற்காலியில் தாசில்தார். சிங்காரவேலுவை ஒரு கான்ஸ்டபிள் அழைத்து வந்திருந்தார். காலனிக் குளத்து மீனையும் எங்கள் டிரம் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினேன். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இரண்டும் ஒன்று.

காரியஸ்தர் அசரவில்லை. வேட்டி மடிப்புக் கலையாத பெரியவர், பேச்சில் மரியாதை குறையாது. "அதனால என்னங்க? எங்க குளத்துலயும் இதே மீன்தானே. உங்களுக்கும் கல்கத்தாவிலேர்ந்துதான் வந்திருக்கும்."

"அப்ப உங்க குளத்துலயும் ஒரு வலை போட்டுப் பாத்துடலாங்க" என்றேன்.

அவர் முதலாளி உத்தரவில்லாமல் முடியாது என்றார். தாசில்தார் அவரை நிமிர்ந்து பார்த்தார். "புகார் கொடுத்தது நீங்கதானே. போடச் சொல்லுங்க."

அரைமணி போல ஆகியிருக்கும். வலையை இழுத்தவர்கள் மிராசுதாரின் ஆட்களேதான். கரைக்கு வந்தது எல்லாம் சுத்தமான கட்லா, சுத்தமான ரோகு. இரண்டும் கலந்த மாதிரி ஒன்றுகூட இல்லை. அங்கே இல்லாததை அங்கிருந்து எப்படித் திருட முடியும்? நான் அதைச் சொல்வதற்கு முன்பே கூட்டத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்.

உதவி இயக்குநர் முன்னால் வந்தார். "இது எங்க பண்ணையில பொறந்த மீன்தாங்க. கட்லாவையும் ரோகுவையும் நான்தான் சேர்த்தேன். கலப்புன்னு சொல்லாம கொடுத்தது என் தப்பு. இவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

காரியஸ்தர் சிரித்தார். "அப்ப கலப்பு மீன்தானா? அதான் பார்த்தேன். கலப்புன்னு ஆயிட்டா மீனுக்கும் ஒழுங்கிருக்காது, மனுஷனுக்கும் இருக்காது." அவர் பார்வை சிங்காரவேலுவிடமிருந்து பாக்கியத்திடம் போய், இடுப்பிலிருந்த குழந்தையில் நின்றது.

சிங்காரவேலு ஓரடி முன்னால் வைத்தார். கான்ஸ்டபிள் தோளைப் பிடித்தார். பாக்கியம் கணவரைப் பார்க்கவில்லை, காரியஸ்தரைத்தான் பார்த்தாள்.

"மீனைப் பத்திப் பேசத்தானே எல்லாரையும் கூப்புட்டாங்க. மீனைப் பத்திப் பேசுங்க."

நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கட்லா ஒரு இனம், ரோகு ஒரு இனம். இங்க நிக்கற மனுஷங்க அத்தனை பேரும் ஒரே இனங்க. அந்த வார்த்தைக்கு இங்க இடமே இல்ல." தாசில்தார் தலையைக் குனிந்துகொண்டார். கான்ஸ்டபிளிடம், "விட்டுடுய்யா" என்றார்.

விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரியஸ்தர் அனுபவசாலி.

"சரிங்க. திருட்டு இல்ல. ஆனா சர்க்காரே தப்பான மீனுன்னு ஒத்துக்கிட்டாங்க. வெள்ளம் வந்து இது ஆத்துல கலந்தா, உள்ள மீனெல்லாம் கெட்டுப் போகாதா? கேளுங்க, அந்தம்மாவையே கேளுங்க. அழிச்சுட வேண்டாமா?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். "கெட்டுப் போகுமா?"

அவர்களைக் காப்பாற்றிய அதே உண்மை இப்போது அவர்கள் மீனைக் கொல்ல வந்து நின்றது. இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று மட்டும் சொன்னால் இரண்டு வருஷ உழைப்பு குளத்தில் செத்து மிதக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தாதீர்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது இந்த மாதிரி நேரத்துக்காகத்தான். கேள்வியில் இல்லாத பாதி உண்மையும் நம்மிடம்தான் இருக்கிறது.

"ஆத்துக்குப் போனா கெடுதல்தாங்க" என்றேன். "ஆனா சாப்பிடறதுல ஒரு கெடுதலும் இல்ல. புதுத்தண்ணி வந்தாத்தான் இது முட்டை விடப் பார்க்கும். மேட்டூர் திறந்து வாய்க்கால்ல தண்ணி வர்றதுக்குள்ள மொத்தத்தையும் பிடிச்சு வித்துடலாம். அதுவரைக்கும் தண்ணி வழிஞ்சு வெளியேற கலிங்குல வலை கட்டி வச்சா ஒண்ணும் வெளியில போகாது."

"ஒரு மீன் போனாலும் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் தாசில்தார்.

"சொல்றேங்க."

பாக்கியம் கேட்டாள்: "முட்டை வைக்கறதுக்குள்ள பிடிச்சுடணும். அவ்வளவுதானேம்மா?"

அவ்வளவுதான். சித்திரை வெயிலில் காலனியே குளத்தில் இறங்கியது. கடைசியில் தண்ணீரை இறைத்து, சேற்றில் கையால் துழாவி எடுத்தார்கள். வலங்கைமான் சந்தையிலும் குடவாசல் சந்தையிலும் அந்த மீன் வந்த வேகத்தில் போயிற்று. தலை சின்னது, சதை அதிகம், வாங்கினவர்களுக்கு ஏக மகிழ்ச்சி. நான் சிலவற்றைக் கரையில் அறுத்துப் பார்த்தேன். பெண்மீன்களின் வயிறு முழுக்க முட்டை, நல்ல ஆரோக்கியமான முட்டை. இவை பெருகுவதைத் தடுக்க உடம்புக்குள் ஒன்றும் இல்லை. உதவி இயக்குநர் அந்த முட்டையை விரலில் எடுத்து வெயிலில் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

பண்ணைக்குத் திரும்பியதும் தாய்மீன் குளங்களை வலை போட்டு அலசினோம். அந்த வருஷத்து மிச்சக் குஞ்சுகள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று தெரியாத நிலை. சந்தேகமான ஒவ்வொரு மீனையும் ஒதுக்கினோம். இருந்ததிலேயே திமிறி வளர்ந்த அழகான மீன்கள்தான் அதிகம் போயின. மேலிடத்திலிருந்து உதவி இயக்குநருக்கு மெமோ வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை.

அந்த ஆடியில் பாக்கியமும் சிங்காரவேலுவும் அண்டாக்களோடு வாசலில் வந்து நின்றார்கள். குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, குஞ்சு வேண்டும். எங்களிடம் கட்லா இருந்தது, ரோகு இருந்தது. கட்லாதான், ரோகுதான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"இந்த வருஷம் வேணாம்" என்றேன்.

பாக்கியம் முகம் சிவந்துவிட்டது. "சும்மா கிடக்கட்டுங்கறீங்களா? குத்தகைக்கு வாங்கி வச்சிருக்குதுங்க, வளக்கத் தெரியலன்னு சொல்லித் திருப்பி வாங்கிடுவாங்கம்மா. அப்ப நீங்க வந்து பேசுவீங்களா?"

இதே வாசல், இதே அண்டாக்கள். முன்பு உதவி இயக்குநர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். கொடுத்து அனுப்பிவிடலாமே என்று என் கைக்கும் தோன்றியது. அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். முடிவு உன்னுடையது என்று விட்டுவிட்டார்.

சாதாக் கெண்டை மட்டும் எங்களிடம் சுத்தமாக இருந்தது. வெளியிலிருந்து வந்து நம் ஊர்க் குளங்களுக்குப் பழகிப்போன மீன். சந்தையில் கட்லாவுக்குள்ள மதிப்பு இதற்கு இல்லை. ஆனால் இதைப் பிறப்பிக்க நாங்கள் கைவைத்ததே இல்லை. பாசியைப் போட்டால் தானே சேர்ந்து தானே முட்டை ஒட்டும். அதைக் கொடுத்தேன்.

"இந்தச் சோப்ளாங்கி மீனையா?" என்றார் சிங்காரவேலு. பாக்கியம் அண்டாவை நீட்டினாள். நன்றியும் சொல்லவில்லை, போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். இளகிய மனசு நல்லதுதான். ஆனால் எதிரில் நிற்பவர் முகம் மலர வேண்டும் என்பதற்காக மட்டும் நம் தொழிலில் எதையும் கையில் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

தை மாதம் அவளிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரச் சொன்னாளாம். மறுபடியும் ஏதாவது புகாரோ என்று நானும் உதவி இயக்குநரும் பதறிக்கொண்டு போனோம். விடிந்து பனி விலகாத நேரம். குளத்தின் ஓரத்தில், வேலம்பாசி மண்டிக் கிடந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பது மாதிரி அலம்பிக்கொண்டிருந்தது. பருத்த பெண்மீன் ஒன்று பாசிக்குள் புகுந்து புகுந்து போக, ஆண்கள் பின்னாலேயே முட்டிமோதிக்கொண்டு விரட்டின. பாசியின் ஒவ்வொரு இழையிலும் முட்டை ஒட்டி மின்னியது. காலனிப் பெண்கள் கரையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"குளம் பூரா குஞ்சாயிடும் போலிருக்கே. அடுத்த வருஷம் பண்ணைக்கே வர வேணாமா?" என்றார் சிங்காரவேலு.

உதவி இயக்குநர் கரையில் குந்தி உட்கார்ந்துவிட்டார். ஊசி இல்லை, பேசின் இல்லை, கோழி இறகு இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஏன் சார், இதுக ஜோடி சேர உங்களை ஒரு வார்த்தை கேக்கலியேன்னு வருத்தமா இருக்கா?"

மெமோ வந்த பிறகு அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.